அரை இன்ச் ஓட்டை: மெக்கானோ கடல் கடந்த கதை

இந்த எபிசோடு ஒரு பொம்மையைப் பத்தி. கரடி பொம்மை, கார் பொம்மை மாதிரி இல்லை. வரிசையா ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகள், நட்டு, போல்ட்டு, சின்னச் சின்னப் பல்சக்கரம், கூடவே ஒரு குட்டி ஸ்பேனர். உங்கள்ல நிறைய பேர் ஸ்கூல் லீவுல 'மெக்கானிக்ஸ்'னு ஒரு டப்பாவைப் பிரிச்சு கிரேனும் ஹெலிகாப்டரும் செஞ்சிருப்பீங்க. அந்த மெக்கானிக்ஸுக்குத் தாத்தா முறையில ஒருத்தர் இருக்காரு. பேரு மெக்கானோ, ஊரு இங்கிலாந்தில் லிவர்பூல்.

பழைய மெக்கானோ சேர்க்கிறவங்க உலகம் முழுக்க இருக்காங்க. என் கலெக்‌ஷன் ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள அடங்கிடும், அதனால பெருசா பீத்திக்க முடியாது. ஆனா இதுல இறங்கினதுக்கு அப்புறம் ஒரு விஷயம் புரிஞ்சுது. ஒரு பழைய பட்டையைக் கையில எடுத்தா, அது எந்தக் காலத்துல செஞ்சது, எந்த ஊர் ஃபேக்டரி, யாருக்காகச் செஞ்சது என்பதெல்லாம் அதன் மேலேயே பதிஞ்சிருக்கும். நிறம், ஓரத்தின் வளைவு, முத்திரை, ஸ்க்ரூவின் மரை. நம்ம பாஷையில சொன்னா, பொருளே ஒரு லாக் ஃபைல். அந்த லாக்கை எப்படிப் படிக்கிறது, ஏன் பல பேர் தெரிஞ்சே அதை அழிக்கிறாங்க, இதுதான் இன்னிக்குக் கதை.

ஃப்ராங்க் ஹார்ன்பி 1863-ல் லிவர்பூலில் பிறந்தவர். இன்ஜினியர் கிடையாது. இறைச்சி இறக்குமதி செய்யும் டேவிட் எலியட் என்பவரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். லிவர்பூல் அப்போ உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. கப்பல், கிரேன், ரயில் இதெல்லாம் அந்த ஊர்ல அன்றாடக் காட்சி. தன் பையன்களுக்கு வீட்டில் தகர ஷீட்டை வெட்டி கிரேன் மாதிரி பொம்மைகள் செஞ்சு கொடுத்துட்டிருந்தாரு. ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியா துண்டு வெட்டி வெட்டி அலுத்துப் போச்சு. எல்லாத் துண்டிலும் ஒரே இடைவெளியில் ஓட்டை போட்டுட்டா, ஒரே துண்டை எந்த மாடலுக்கும் மாத்திக்கலாமே என்று தோன்றியது. முதலாளி எலியட்கிட்டயே 5 பவுண்டு கடன் வாங்கி, 1901-ல் காப்புரிமை எடுத்தார். முதலில் வைத்த பெயர் 'மெக்கானிக்ஸ் மேட் ஈஸி'. மெக்கானோ என்ற பெயரைப் பதிவு செய்தது 1907-ல். அடுத்த வருஷம் மெக்கானோ லிமிடெட் உருவாச்சு. 1914-ல் லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் பெரிய ஃபேக்டரி.

ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல இருந்த தூரம் அரை இன்ச். இந்த அரை இன்ச்சை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் வரும்.

வெளிநாட்டுக்கு அனுப்புறதுக்கு இந்தப் பொம்மை அச்சு அசலாப் பொருந்தியது. முதல் காரணம், ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நம்பர். பன்னிரண்டரை இன்ச் நீளப் பட்டை, 25 ஓட்டை, அது 1-ஆம் நம்பர். ஐந்தரை இன்ச், 11 ஓட்டை, 2-ஆம் நம்பர். ரெண்டரை இன்ச் பட்டை 5-ஆம் நம்பர். நட்டும் போல்ட்டும் 37. பாஷை தெரியாத கடைக்காரர்கிட்டயும் நம்பரைச் சொன்னா போதும். பல தலைமுறைகளா அந்த நம்பர்கள் மாறவில்லை. இன்னிக்கும் கலெக்டர்கள் அதே நம்பர்லதான் பேசுறாங்க. இரண்டாவது, கையேடு. ஒரு மாடலுக்கு பெரும்பாலும் ஒரே ஒரு படம், கூட கொஞ்சம் வார்த்தை. படத்தைப் பார்த்து நீயே கண்டுபிடிச்சுக்கோ என்கிற டைப். மொழிபெயர்க்கும் வேலை குறைவு.

மூன்றாவது, வியாபார தந்திரம். செட்டுகளுக்கு வரிசை எண் இருந்தது. நடுவில் துணை செட்டுகள்: உங்ககிட்ட சின்ன செட் இருந்தா, துணை செட் ஒன்னு வாங்கினா அது அடுத்த நம்பர் செட் ஆயிடும். 1937-க்கு அப்புறம் உச்சியில் இருந்தது 10-ஆம் நம்பர் செட், மரப்பெட்டியில் வரும். அதை முழுசா வச்சிருந்த பசங்க ரொம்பக் கம்மி. இப்போ கேம்ல 'அடுத்த லெவலுக்குக் காசு கட்டு'ன்னு வருதே, அதை ஹார்ன்பி அப்பவே பண்ணிட்டாரு.

1916-ல் மெக்கானோ மேகஸின் ஆரம்பிச்சாங்க. கொஞ்ச வருஷத்துல 'மெக்கானோ கில்ட்' என்று கிளப்புகளின் கூட்டமைப்பு. பத்திரிகையில் மாடல் போட்டிகள் நடக்கும். உள்நாட்டுக்காரங்களுக்கு ஒரு பிரிவு, கடல் கடந்த வாசகர்களுக்குத் தனிப் பிரிவு, தனிக் கடைசி தேதி. கப்பல் தபால் வந்து சேர வேண்டாமா? பேரரசின் மூலையில் இருந்த பையனும் லிவர்பூல் பையனும் ஒரே போட்டியில் இருக்கோம்னு நினைக்க வச்ச ஏற்பாடு அது. பக்கத்துக்குப் பக்கம் பாலம், அணை, ரயில் எஞ்சின். அந்தப் பாலத்தை வெயில்ல நின்னு கட்டினவங்க யார் என்ற கேள்விக்கு அந்த உலகத்தில் பெரிய இடம் இல்லை. விளம்பரத்துல 'பையன்களுக்கான இன்ஜினியரிங்' என்று போட்டார்கள். பின்ஸ் ரோடு ஃபேக்டரியில் அந்தப் பெட்டிகளை நிரப்பினவங்களில் ஏராளமானவங்க பெண்கள். எனக்கு இதுதான் மெக்கானோ கதையிலேயே உறுத்துற இடம்.

சரி, கப்பல் ஏறுவோம். 1912-ல் ஹார்ன்பி பாரிஸில் ஒரு நிறுவனத்தையும் பெர்லினில் ஒரு அலுவலகத்தையும் தொடங்கினார். ஜெர்மனியில் அவருக்குக் கூட்டாளி மார்க்லின், நமக்கு ரயில் பொம்மையால தெரிஞ்ச அதே பேரு. ரெண்டே வருஷத்துல முதல் உலகப் போர். எதிரி நாட்டுச் சொத்து என்று ஜெர்மனியில் இருந்த மெக்கானோவைப் பறிமுதல் பண்ணிட்டாங்க. அது மார்க்லின் கைக்குப் போச்சு. அதுக்கப்புறம் பல பத்தாண்டுகள் மார்க்லின் தன் சொந்தப் பெயரில் இரும்புப் பட்டை செட்டுகளை விற்றது. ஃபோர்க் ஆன ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் மாதிரி. ஆனா இங்க ஃபோர்க் பண்ணினது போர்.

அமெரிக்காவுல பிரச்சினை வேற. அங்கே 1913-ல் ஏ.சி. கில்பர்ட் என்பவர் 'எரெக்டர்' செட்டைக் கொண்டுவந்தார். பட்டையின் ஓரத்தை மடிச்சு, நாலை மாட்டினா நிஜக் கட்டடத் தூண் மாதிரி தெரியும். பார்க்க மெக்கானோவைவிட கம்பீரம். இன்னொரு பக்கம் ஒஹாயோவில் ஒரு கம்பெனி மெக்கானோவை, அதன் கையேட்டுப் படங்கள் உட்பட, காப்பியடிச்சதாக ஹார்ன்பி கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கின் ஒரு கிளை, காப்பியடித்த சரக்கை விற்ற நியூயார்க் கடைமேல் போட்டது, 1920-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. யோசிச்சுப் பாருங்க, ஓட்டை போட்ட பட்டைக்காக சுப்ரீம் கோர்ட்! 1922-ல் நியூ ஜெர்ஸியின் எலிசபெத் நகரில் சொந்த ஃபேக்டரியே திறந்தார்கள். பலிக்கவில்லை. அந்தப் பத்தாண்டு முடியும்போது அமெரிக்க மெக்கானோவை வாங்கினவர் வேற யாருமில்லை, போட்டியாளர் கில்பர்ட்.

இப்போ லாக் ஃபைலுக்கு வருவோம். ரொம்ப ஆரம்பப் பட்டைகள் மெல்லிய தகரம், ஓரம் மடித்திருக்கும். பிறகு தடிமனான எஃகு, வட்டமான முனை, நிக்கல் முலாம். 1926-ல் நிறம் வந்தது, சிவப்பும் பச்சையும். 1934-ல் பட்டைகள் தங்க நிறம், தகடுகள் நீலம், தகட்டின் ஒரு பக்கம் மட்டும் குறுக்குக் கோடுகள். இந்த நீலம்-தங்கம் போருக்கு முன்னாடி முக்கியமா பிரிட்டன் சந்தைக்குப் போனது. ஏற்றுமதிக்கு சிவப்பு-பச்சை தொடர்ந்தது. போர் முடிஞ்சதும் எல்லாருக்குமே மறுபடி சிவப்பு-பச்சை. 1964-ல் மஞ்சள், கறுப்பு, வெள்ளி. 1970-ல் கறுப்பு போய் நீலம்.

இதை வச்சு என்ன கண்டுபிடிக்கலாம்? நம்ம ஊர்ல ஒரு பழைய வீட்டுச் சாமான்ல சிவப்பு-பச்சைப் பட்டை கிடைச்சா, கடை வழியா ஏற்றுமதியான சரக்கா இருக்கலாம். குறுக்குக் கோடு போட்ட நீலத் தகடு கிடைச்சா, யாரோ ஒருத்தர் இங்கிலாந்திலிருந்து தன் பெட்டியில் வச்சு எடுத்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று வியாபாரம், இன்னொன்று ஒரு குடும்பத்தின் பயணம். ரெண்டையும் பிரிச்சுச் சொல்றது அந்தப் பெயின்ட் மட்டும்தான்.

அதனாலதான் கலெக்டர்களுக்குள்ள நடக்குற பெரிய சண்டை எனக்கு முக்கியமாப் படுது. ஒரு கட்சி சொல்லும்: துருவைச் சுரண்டி, பழைய பெயின்ட்டை உரிச்சு, புதுசா ஸ்ப்ரே அடிச்சு, பளபளன்னு மாடல் கட்டணும், பொம்மை விளையாடத்தானே இருக்கு. இன்னொரு கட்சி: தொடாதே. விற்பனைச் சந்தை முதல் கட்சிப் பக்கம்தான் சாயும், போட்டோவில் பளபளப்பு எடுபடும். நான் இரண்டாவது கட்சி. சாதாரண, லட்சக்கணக்கில் வந்த பட்டையை யாரும் பெயின்ட் அடிச்சுக் கட்டி விளையாடட்டும், எனக்கு வருத்தம் இல்லை. ஆனா எங்கிருந்து வந்ததுன்னு தெரியுற ஒரு முழுப் பெட்டி கிடைச்சா, அதை உரிக்கிறது ஒரு பழைய கடிதத்தின் உறையையும் தபால் முத்திரையையும் கிழிச்சுப் போடுறதுக்குச் சமம். கடிதம் இருக்கும், எங்கிருந்து எப்போ வந்துச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது.

இதைத் தெளிவாக் காட்டுற ஒரு பொருள் இருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க.

1933-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் ஹார்ட்ரீ அமெரிக்காவில் எம்ஐடிக்குப் போய், வானெவர் புஷ் கட்டியிருந்த டிஃபரென்ஷியல் அனலைசரைப் பார்த்தார். வகைக்கெழுச் சமன்பாடுகளை, அதாவது நம்மை செகண்ட் செமஸ்டரில் அழ வச்ச அதே டிஃபரென்ஷியல் ஈக்வேஷனை, பல்சக்கரமும் தண்டும் வச்சுத் தீர்க்குற அறை அளவு இயந்திரம். ஹார்ட்ரீ அணுவின் அமைப்பைக் கணக்குப் போடுற ஆள். கையால போட்டா மாசக்கணக்கில் ஆகும். இங்கிலாந்து திரும்பினதும், ஆர்தர் போர்ட்டர் என்ற மாணவருடன் சேர்ந்து 1934-ல் அதன் சின்ன வடிவத்தைக் கட்டினார். பெரும்பகுதி மெக்கானோ. செலவு சுமார் 20 பவுண்டு.

இதன் உயிர்நாடி ஒரு வட்டத் தட்டும் அதன் மேல் உரசுற ஒரு சின்னச் சக்கரமும். தட்டு சுற்றும்போது, சக்கரம் மையத்துக்குப் பக்கத்துல இருந்தா மெதுவா சுத்தும், விளிம்புப் பக்கம் தள்ளினா வேகமா சுத்தும். அந்தத் தூரத்தை மாத்திக்கிட்டே போனா, சக்கரம் மொத்தமா எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் இன்டெக்ரல். அவ்வளவுதான். சிக்கல் என்னன்னா, சக்கரத்துக்கு உரசல் பலம் ரொம்பக் கம்மி. அடுத்த பாகத்தைத் தள்ளச் சொன்னா வழுக்கிடும், விடை தப்பாயிடும். அதுக்காக நடுவில் சுழலும் டிரம்களில் கயிறு சுற்றி, சின்ன முறுக்கைப் பெரிய முறுக்காக மாற்றினாங்க. கப்பல்ல நங்கூரக் கயிறு இழுக்க டிரம்மில் ரெண்டு சுத்து சுத்துவாங்களே, அதே தத்துவம். பிழை 2 சதவீதம் அளவில். பொம்மைக்கு அது அபாரம். நிஜ ஆராய்ச்சிக் கணக்குகளை அது போட்டது. இதைக் காட்டித்தான் பிறகு மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் கம்பெனி கட்டிய முழு அளவு இயந்திரம் மான்செஸ்டருக்கு வந்தது.

மான்செஸ்டரைப் பார்த்து கேம்பிரிட்ஜிலும் ஒரு மெக்கானோ அனலைசர் கட்டினாங்க. அதை இயக்கிப் பழகின இளைஞர்களில் ஒருத்தர் மாரிஸ் வில்க்ஸ். ஆமா, 1949-ல் எட்சாக் கம்ப்யூட்டரை ஓட விட்ட அதே வில்க்ஸ்.

எட்சாக் வந்ததும் பழைய மெக்கானோ இயந்திரத்துக்கு கேம்பிரிட்ஜில் வேலை இல்லை. 1950-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து ரேடியோ ஆராய்ச்சி செய்த ஹாரி வேல் 100 பவுண்டுக்கு வாங்கி, கப்பல்ல கொண்டுபோனார். உலகத்தின் ஒரு முனையில் காலாவதியான ஹார்டுவேர், இன்னொரு முனையில் மறுபடி கணக்குப் போட ஆரம்பிச்சது. இப்போ அது ஆக்லாந்தின் மோடாட் அருங்காட்சியகத்தில் இருக்கு. எந்த ஏற்றுமதி விலைப்பட்டியலிலும் வராத ஏற்றுமதி இது. இதையும் யாராவது ஒருத்தர் பழைய செட் வாங்கின கையோட நட்டைக் கழற்றி, பட்டைகளை உரிச்சுப் பெயின்ட் அடிச்சு வித்திருந்தா? மிச்சம் இருப்பது கொஞ்சம் சுத்தமான 2-ஆம் நம்பர் பட்டைகள்.

லிவர்பூலுக்குத் திரும்பினா கதை சோகம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டாலர் தேவை என்று பிரிட்டன் பொம்மைகளைக்கூட முதலில் ஏற்றுமதிக்கு ஒதுக்கியது; உள்ளூர்ப் பசங்க காத்திருந்தாங்க. 1964-ல் லைன்ஸ் பிரதர்ஸ் மெக்கானோவை வாங்கினாங்க, 1971-ல் அவங்களே விழுந்தாங்க, பிறகு ஏர்ஃபிக்ஸ் எடுத்தது. 1979 நவம்பர் கடைசியில் பின்ஸ் ரோடு மூடப்பட்டது. சுமார் 900 பேருக்கு வேலை போச்சு. தொழிலாளர்கள் ஃபேக்டரிக்குள்ளேயே உட்கார்ந்து போராடினாங்க. ஃபேக்டரி திரும்ப வரவில்லை.

ஆனா வெளிநாட்டுக் கிளைகள் தாய் மரத்தைவிட அதிக நாள் வாழ்ந்தது. அர்ஜென்டினாவின் பியூனஸ் ஐரஸில் எக்ஸாக்டோ என்ற நிறுவனம் உரிமம் வாங்கி மெக்கானோ பாகங்கள் செய்துகொண்டிருந்தது. லிவர்பூல் போன பிறகும் பழைய பாணிப் பாகங்கள் வேணும்னா கலெக்டர்கள் அந்தப் பக்கம் திரும்பினாங்க. பிரான்ஸில் கலே நகரத்து ஃபேக்டரி 1959-லிருந்து ஓடிக்கொண்டிருந்தது. 2013-ல் கனடாவின் ஸ்பின் மாஸ்டர் பிராண்டை வாங்கியது. கலே ஃபேக்டரியை மூடப்போறதா 2023-ல் அறிவிச்சாங்க.

இந்தியாவுக்கு என்ன வந்தது? சுதந்திரத்துக்குப் பிறகு நுகர்வுப் பொருள் இறக்குமதிக்குப் பல பத்தாண்டுகள் கடும் கட்டுப்பாடு. வெளிநாட்டுப் பொம்மை என்றால் சித்தப்பா கப்பல்லயோ விமானத்துலயோ கொண்டுவந்தாத்தான். அந்த இடைவெளியைத்தான் உள்நாட்டுச் செட்டுகள் நிரப்பினது, நாம விளையாடின மெக்கானிக்ஸ் உட்பட. மெக்கானோ கம்பெனியின் இன்னொரு பிள்ளையான டிங்கி கார்களுக்கு இதைவிட சுவாரசியமான வழி கிடைச்சது: காரையே அனுப்புறதுக்குப் பதில், பழைய அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்துச்சு. அதே கார்கள் இங்கே 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் வெளிவந்தன. இன்னிக்கு இங்கிலாந்து கலெக்டர்கள் அந்த நிக்கி கார்களைத் தேடி வாங்குறாங்க, ஏற்றுமதி தலைகீழாயிடுச்சு.

கடைசியா, நீங்களே செஞ்சு பார்க்கக்கூடிய ஒரு சோதனை. பழைய லிவர்பூல் போல்ட்டு 5/32 இன்ச் விட்வொர்த் மரை, ஒரு இன்ச்சுக்கு 32 சுற்று. அதாவது மரைக்கு மரை 0.79 மில்லிமீட்டர், தடிமன் 3.97 மில்லிமீட்டர். பிற்கால பிரெஞ்சு மெக்கானோ மெட்ரிக் எம்4-க்கு மாறியது: தடிமன் 4 மில்லிமீட்டர், மரை இடைவெளி 0.7. கண்ணால பார்த்தா ரெண்டும் ஒன்னுதான். பக்கத்து ஹார்டுவேர் கடையில ஒரு எம்4 நட்டு வாங்கி, பழைய போல்ட்டுல கையால மாட்டிப் பாருங்க. ஆரம்பத்துல ஏறுற மாதிரி ஏறி, கொஞ்சத்துல இறுகி நின்னா அது பழைய மரை. அங்கேயே நிறுத்திடுங்க, ஸ்பேனர் போட்டுத் திருகாதீங்க, மரை போயிடும். ஸ்க்ரூவில் கம்பாட்டிபிலிட்டியை உடைச்சவங்க ஓட்டை இடைவெளியில் மட்டும் கை வைக்கவில்லை. ஹார்ன்பி வச்ச அதே அரை இன்ச், 12.7 மில்லிமீட்டர். நூறு வருஷத்துப் பட்டையையும் நேத்து வாங்கின பட்டையையும் மேல மேல வச்சா ஓட்டைகள் நேரா நிக்கும்.

வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது கிடைச்சா, கழுவுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு. முத்திரை இருந்தா குளோஸப்ல ஒன்னு. பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் கடை லேபிள் ஒட்டியிருந்தா அதையும் சேர்த்து. எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோடுல உட்கார்ந்து படிச்சுப் பார்ப்போம்.